பாக் துயிலும் ஆலயம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள புனித தோமையர் ஆலயத்துள் நுழைந்தோம். பலிபீடத்தை நோக்கிச் சென்றால், தரையில் வெண்கலப் பலகை. அதில் ஒரு பெயர்: யோகான் செபாஸ்டியன் பாக்.

1723 முதல் 1750இல் மறையும்வரை இவ்வாலயத்தின் இசையாசானாக விளங்கி, பள்ளிச் சிறுவருக்குப் பாட்டுப் பயிற்றியவர் அவர். அந்நாளில் வேறொரு கல்லறைத் தோட்டத்தில் புதைத்தனர், பெயர்க்கல்லும் நாட்டவில்லை. அவருடையவை எனக் கருதப்படும் எலும்புகள் இங்கு வந்து சேர்ந்தது 1950ஆம் ஆண்டளவிலேதான்.

ஊர் கல்லறையை மறந்தது. சிறுவர் பாட்டை மறக்கவில்லை. 1789இல் இங்கு வந்த மோட்சார்ட், அவர்கள் பாடிய பாக்கின் துதிப்பாடலைக் கேட்டு வியந்து, அதன் இசையேடுகளை வாங்கி ஆராய்ந்தாராம். 1212ஆம் ஆண்டைத் தன் தோற்றமாகக் கொள்ளும் அச்சிறுவர் குழு இன்றும் பாடுகிறது.

பிறந்த மண்ணைவிட்டு வாழும் நாம், பிள்ளைகளுக்கு ஒரு பாட்டேனும் பயிற்றுவோமாக! கல் காவாததைக் குரல் காக்கும்.