வாத்தியாரும் கை தூக்கினேன்



உங்கள் டீச்சரம்மா போய் 8 மாதம். தூக்கமே இல்லை. மகள்தான் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்பட்டேன்.

யோகாவும் உண்டு என்றார்கள். முதல் நாள் ஆசனம் எதுவுமில்லை. தூக்கம், பசி, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இழுக்கும் மூச்சைக் காட்டிலும் விடும் மூச்சை நீளமாக்கச் சொன்னார். பத்தாவது மூச்சில் தொண்டை அடைத்தது. அவள் பெயரைச் சொல்லி அழுதேன். 36 வருடம் வகுப்பில் பேசியவன், அன்றுதான் என்னைப் பற்றிப் பேசினேன்.

ஆறு வாரமாயிற்று. துக்கம் போகவில்லை, தூக்கம் வருகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது.

புரியாவிட்டால் கை தூக்கச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? மனசு கனத்தாலும் தூக்குங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம்.