பார்த்துக் கீறின படங்கள்

எங்கட அம்மப்பா கீறின படங்களில் மிச்சம் இருப்பது மூன்றே மூன்றுதான். ஒரு சரஸ்வதி, ஒரு கீரிமலைக் கேணி, பாதியில் விட்ட ஒரு வாழைக்குலை. மூன்றும் 1996இல் ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கீறினவை. சுருட்டி ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் போட்டு அம்மம்மாவின் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம். அதற்கு முன்னர் முப்பது வருடமாகக் கீறினதெல்லாம் 1995 ஒக்டோபர் 30 இரவு வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டன. சனத்தோடு சனமாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அம்மப்பாவின் கையில் இருந்தது ஒரு அரிசிப் பையும் அம்மாவின் சேர்ட்டிபிக்கட்டுகளும். படங்களைக் கழற்றுகிற யோசனை ஒருவருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் ஆர் சுமக்கிறது?

அம்மப்பா சித்திர மாஸ்ரர். நான் ஓஎல்லுக்குச் சித்திரம் எடுத்தபோது அவருக்கு வந்த சந்தோசம் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை. (அம்மாவுக்கு நான் வர்த்தகம் எடுக்கவேண்டும்.) ஒருநாள் பின்னேரம் அந்தக் குழாயை இறக்கி, சரஸ்வதியை நிலத்தில் விரித்து, நாலு மூலையிலும் நாலு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “இது கலண்டர்ப் படம்தானே அம்மப்பா. பார்த்துக் கீறினது.”

எனக்கு அப்போது பதினாறு வயது. ‘சொந்த ஆக்கம்’, ‘பாணி’ மாதிரியான சொற்களை ரியூசனில் புதிதாகப் படித்திருந்தேன். கொப்பி அடிப்பது களவு, நல்ல ஓவியனுக்கு என்று ஒரு பாணி இருக்கும், இவ்வளவும் எனக்குத் தெரியும். அம்மப்பா சிரித்தார். “ஓம் பிள்ளை, பார்த்துத்தான் கீறினனான்” என்றார். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். படம் தானாகவே சுருண்டுகொண்டது. அதன் பிறகு அவர் எனக்கு எந்தப் படத்தையும் காட்டவில்லை. 2021இல் போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் நான் மறந்துதான் போயிருந்தேன். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை விரிவுரை இல்லாமல் போனதால் அறைத்தோழியோடு பார்ன்ஸ் பிளேசுக்குப் போயிராவிட்டால் மறந்தே இருந்திருப்பேன்.

பார்ன்ஸ் பிளேஸ் 34/2. சப்புமல் பவுண்டேசன். சப்புமல் என்றால் செண்பகப்பூ. யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப்பெருமாளுக்கும் சிங்களத்தில் சப்புமல் குமாரயா என்றுதான் பெயர். வரலாறு படிக்கிற என் மண்டைக்குள் முதலில் அவர்தான் குதிரையில் வந்து நின்றார். ஆனால் போய்ப் பார்த்தால் ஓடு போட்ட பழைய வீடு ஒன்று, விறாந்தை, மரங்கள், குளிர்ச்சி. கொழும்பு ஏழில் இப்படி ஒரு ஒழுங்கைக்குள் இப்படி ஒரு வீடா என்று இருந்தது. டிக்கெட் கிடையாது. வாரத்தில் சில நாட்கள், அதுவும் மதியம் வரைக்கும்தான் திறந்திருக்கும். ஆகவே பஸ்ஸுக்குக் காசு இருந்தால் போதும், நித்திரையால் வேளைக்கு எழும்பவும் வேண்டும்.

ஓவியர் ஹரி பீரிஸ் (1904-1988) வாழ்ந்த வீடு இது. லண்டனிலும் பரிசிலும் படித்து, சாந்திநிகேதனிலும் இருந்துவிட்டு வந்தவர். 1943இல் ‘43 குழு’ தொடங்கியபோது அதில் ஒருவர். தன்னுடைய படங்களையும் தன் கூட்டாளிகளின் படங்களையும் சேர்த்துவைத்து, 1974இல் இந்த அமைப்பை உருவாக்கி, பொதுசனம் வந்து பார்க்கட்டும் என்று விட்டார். அரசாங்கத்தின் காட்சியகம் இல்லை. ஆனால் இந்த மண்ணில் கீறின படங்களை அந்த மண்ணிலேயே வைத்து, யாரும் போய்ப் பார்க்கலாம் என்கிற இடம் வேறு எத்தனை எனக்குத் தெரியும் என்று யோசித்தேன். விரல்கள் மிச்சம்.

உள்ளே போனதும் ஒரு குழப்பம் வரும். சுவர் தெரியாத அளவுக்குப் படங்கள். ஒன்று மற்றதைப்போல இல்லை. அறைத்தோழி மட்டக்களப்புக்காரி. பாதி வழியிலேயே கேட்டுவிட்டாள்: “மறுகா ஏன்டி இவங்க எல்லாம் ஒரே குழு?”

நியாயமான கேள்வி. ஓஎல்லில் இந்தப் பெயர்களை நான் ஒரு மார்க் கேள்விக்காகப் பாடமாக்கியிருந்தேன். லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி, ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேப்ரியல், ஒப்ரி கொலெட், ஜெஃப்ரி பெலிங். (கீற் என்று பெயரிலேயே கீறல் இருக்கிறதே என்று வகுப்பில் ஒரு பகிடி ஓடும்.) வரிசையாகச் சொன்னால் ஒரே மாதிரி எழுதுகிற ஆட்களின் பட்டியல் போல இருக்கும். சுவரில் பார்த்தால்தான் தெரிகிறது. கீற்றின் பெண்கள் கோடுகளால் வெட்டி அடுக்கியவர்கள், ஒரு முகத்துக்குள் இன்னொரு முகம். கொலெட் ஒரு கார்ட்டூன்காரர், ஆட்களைக் கண்டவுடன் மூக்கைப் பிடித்துவிடுவார். கேப்ரியலில் மாடுகளும் கிராமத்து ஆட்களும். கிளாசன் துறைமுகத்தில் வரைவாளராக வேலை பார்த்தவர், ஓவியத்தைத் தானாகவே பழகியவர், போகப் போக உருவங்களையே விட்டுவிட்டார். அக்காலத்து சித்திரச் சங்கங்கள் எதிர்பார்த்த அச்சொட்டான வெள்ளைக்காரப் பாணியில் கீறமாட்டோம் என்பதில்தான் இவர்கள் ஒன்று. அதற்குப் பிறகு அவரவர் வழி.

ஐவன் பீரிசிடம் நான் கனநேரம் நின்றேன். திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் தம்பி. தெஹிவளைக் கடற்கரையில் வளர்ந்தவர், பிற்காலம் முழுக்க இங்கிலாந்தில் இருந்தவர். இங்கிலாந்தில் இருந்துகொண்டும் திரும்பத் திரும்ப அந்தக் கரையையே கீறினார். அவருடைய கடலில் அலை அடிக்காது. ஆட்கள் நிற்பார்கள், எதற்கென்று தெரியாது. லண்டனில் இருக்கிற மாமா ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் கிணற்றடி மாமரம் காய்த்ததா என்று கேட்பது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மாமரம் விழுந்து பத்து வருடம். அம்மா இன்னும் சொல்லவில்லை.

தெரணியகல நேர் எதிர். நிறத்தைப் பிசைந்து அப்பினதுபோல. 1956இல் வெனிஸ் பினாலேயில் மீன் படம் ஒன்றுக்குப் பரிசு வாங்கியவர். அவர் படங்களில் எனக்குப் பிடிபடாதது நிறைய. பிடிபட்டதுபோல எழுதினால் பொய்.

பிறகு மஞ்சுசிறிக்கு வந்தோம்.

எல்.டி.பி. மஞ்சுசிறி (1902-1982) பிக்குவாக இருந்தவர். ஊர் ஊராகப் போய், விகாரைச் சுவர்களில் இருந்த பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தார். ஒன்று இரண்டல்ல, வருடக் கணக்காக. பெயர் தெரியாத யாரோ ஒரு கிராமத்து ஓவியன் கீறின யானையை, கொடியை, மரத்தை, அதே கோட்டில், அதே சிவப்பில். அவர் பிரதி எடுத்த சுவர்களில் சில இன்று இல்லை. பிரதிதான் இருக்கிறது. 1979இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். தன் சொந்தப் படங்கள் வேறு கீறியிருக்கிறார், அவை கனவில் வருகிற மாதிரி இருக்கும், அது தனிக் கதை. ஆனால் ஆசியாவின் பெரிய விருது ஒன்று கிடைத்தது ‘பார்த்துக் கீறினதுக்கு’.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். தேத்தண்ணிக் கோப்பைகள் ஞாபகம் வந்தன. நாலும் ஒரே செற் கூட இல்லை. ஒன்றில் காது உடைந்திருந்தது.

அம்மப்பாவின் சரஸ்வதியும் மஞ்சுசிறியின் பிரதியும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அது வேறு, இது வேறு. அம்மப்பா ரவிவர்மாவின் வழியில் வந்த அச்சுப் படங்களைப் பார்த்துக் கீறினார், அவை எங்கேயும் அழியவில்லை. ஆனால் அவருக்கு அந்தப் படங்கள்தான் கிடைத்தன. கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போக அவருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி வேண்டும். கலண்டர் வருடம் பிறந்தால் கடைக்காரர் சும்மா தருவார். கையைப் பழக்க ஒரு மாஸ்ரர் வேண்டும், மாஸ்ரர் இல்லாத ஊரில் கலண்டர்தான் மாஸ்ரர். இதை அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் தீர்ப்பு எழுதிவிட்டேனே.

திரும்பி வரும்போது அறைத்தோழி இன்னொன்று சொன்னாள். இதில் பாதிப் பேர் நாட்டை விட்டுப் போனவர்கள்தானே என்று. உண்மைதான். ஐவன் பீரிசும் கிளாசனும் இங்கிலாந்துக்கு, கொலெட்டும் பிறகு கேப்ரியலும் அவுஸ்திரேலியாவுக்கு. போகிறவர்கள் போனாலும், வீட்டோடும் சுவரோடும் ஒரு ஆள் இங்கே இருந்திருக்கிறார். நல்லது கெட்டது, என் பாணி உன் பாணி என்று பார்க்காமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்கு நடந்தது மற்ற மாதிரி. வீடு வைத்திருந்தவர்களும் போனார்கள், வீடும் போனது. கொழும்பு ஏழில் வசதியான ஒரு ஆளின் வீட்டுக்கு ஷெல் வராது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் ஹரி பீரிசைப் புகழ்ந்தால் கணக்குச் சரிவராது.

யாழ்ப்பாணத்திலும் ஓவியர் கூட்டங்கள் இருந்தன. எஸ்.ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய வின்சர் சித்திரக் கழகம் இருந்தது. பிறகு குருநகரில் பிறந்த அ. மாற்கு (1933-2000) விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். மாற்கு மாஸ்ரரும் ஒரு பாணியோடு நின்ற ஆள் இல்லை. அவரைப் பற்றி 1987இல் ‘தேடலும் படைப்புலகமும்’ என்று ஒரு புத்தகமே வந்தது. அவருடைய படங்களில் நிறைய 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. நாவலர் வீதி நூதனசாலையில் ஆள் உயரத்துக்கு விக்டோரியா மகாராணியின் படம் இருக்கிறது. மகாராணி எப்படியோ தப்பிவிட்டா. நூலகம் எரிந்த 1981ஐப் பற்றி நாங்கள் எல்லோரும் கதைப்போம், கவிதை எழுதுவோம். வீட்டுச் சுவர்களோடு போன படங்களைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை. அவை ஒரு இடத்தில் இருக்கவில்லை, ஆகவே ஒரு நாளில் எரியவும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் நுண்கலை படிக்கிற தோழி ஒருத்தியிடம் இதைப் புலம்பினேன். அவள்தான் ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்புப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். இடம்பெயர்ந்த ஆட்களிடம் தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறச் சொல்லி, அதை வைத்துச் செய்த புத்தகம். படம் கீறத் தெரியாதவர்கள் கீறின கோடுகள். அறை எங்கே, கிணறு எங்கே, எந்தப் பக்கம் படலை.

சித்திரை வருடப்பிறப்புக்கு வீட்டுக்குப் போனபோது கணிதக் கொப்பியில் சதுரத்தாள் கிழித்துக்கொண்டு அம்மம்மாவிடம் போய் இருந்தேன். பழைய வீட்டில் அம்மப்பாவின் படங்கள் எங்கெங்கே கொழுவியிருந்தன என்று கேட்டேன்.

“உதுகள் ஏனடி இப்ப? உனக்குச் சோதினை இல்லையே?”

“சும்மா சொல்லுங்கோ அம்மம்மா.”

முதலில் விறாந்தையைக் கீறினேன். வாசலுக்கு நேரே பிள்ளையார். வலப்பக்கம் நல்லூர்த் தேர், அது பெரிசு, பலகையில். சாமியறைக்குள் ஐந்தோ ஆறோ, அதில் முருகனுக்கு மயில் கோணல். நடு அறையில் காந்தி, பாரதி, ஒரு கப்பல். என்ன கப்பல் என்று கேட்டேன். தீப்பெட்டியில் இருந்த கப்பல் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் போட்டேன். பதினேழு வரைக்கும் வந்தது. பிறகு அடுப்படி. அங்கே ஒன்றும் இருந்திராது என்று கோட்டை மூடப் போனேன். அம்மம்மா கையைப் பிடித்தார்.

“கதவுக்குப் பின்னால ஒண்டு இருந்தது. ஆக்களுக்குத் தெரியாது.”

“என்ன படம்?”

“நான்தான். கலியாணம் முடிச்ச மூண்டாம் மாசம், திருவலையில தேங்காய் திருவிக்கொண்டு இருக்கேக்க. அதுக்குக் கலண்டர் ஒண்டும் இல்லை. என்னைப் பார்த்துக் கீறினவர்.”

“நல்லா இருந்ததா?”

“மூக்குச் சரி வரேல்லை எண்டு நான்தான் கதவுக்குப் பின்னால மாட்டச் சொன்னனான்.”

பதினெட்டு என்று போட்டேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன். அம்மம்மா இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடி, ஒருதரம் திறந்து காட்டினார். உள்ளுக்குத்தான்.