துளை போட்ட மரத்தை அறுத்துப் பார்த்தால்

லாத்வியாவின் ரீகா மத்தியச் சந்தையில் பிர்ச் மரத்து நீர் லிட்டர் ஒன்றரை யூரோவுக்கு விற்றது. அது மரத்திலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, செசிஸ் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். ஏப்ரல் தொடக்கம். நிழல் விழும் இடங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது.

சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டர் நடந்தால் காடு. வெள்ளைப் பட்டை, மொட்டைக் கிளைகள். மண் இளகியதும் வேர் நீரை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. இலை துளிர்க்கும்வரை சில வாரங்கள்தான் அறுவடை. அதன்பின் நீர் கலங்கிக் கசந்துவிடும்.

பண்ணைக்காரர் இடுப்பு உயரத்தில் டிரில்லிங் மெஷினை வைத்தார். சுண்டுவிரல் தடிமன், 3 சென்டிமீட்டர் ஆழம், உள்ளே சற்று மேல்நோக்கிய சாய்வு. மெஷினை உருவிய கையோடு நீர் பட்டையில் வழிந்தது. குழாயைச் செருகி, மறுமுனையை மூடிபோட்ட வாளிக்குள் விட்டார். நொடிக்கு இரண்டு சொட்டு. நல்ல மரம் நாளுக்கு 5 முதல் 10 லிட்டர்வரை தருமாம்.

குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, பச்சை மர வாசனை. பதநீரை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றம்தான். சர்க்கரை நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. பதநீர்ப் பானைக்குத் தடவுவதுபோல் இங்கே வாளிக்குச் சுண்ணாம்பு தடவுவதில்லை. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் வாளிகள் உடனே குளிரறைக்குப் போகின்றன.

"துளை தானாக மூடிக்கொள்ளும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது" என்றார். பழைய துளைகள் மூடித்தான் இருந்தன. ஆனால் குளிர்காலத்தில் கழித்து வெட்டிய மரங்கள் ஓரமாக அடுக்கிக் கிடந்தன. பழைய தழும்புள்ள ஒன்றை அறுத்துக் காட்டச் சொன்னேன். மோட்டார் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தார். வெளியே பட்டை கூடியிருந்தது. உள்ளே துளையிலிருந்து மேலும் கீழும் ஒரு சாணுக்கு மேல் பழுப்புக் கறை. துளையருகே நகம் அழுந்தியது. ஒட்டுப்பலகை ஆலை இதை எடுக்காது, விறகுக்குத்தான்.

அதனால், அடுத்த சில ஆண்டுகளில் வெட்டப்போகும் மரங்களுக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்து, அவற்றில் மட்டும் துளை போடுவதாகச் சொன்னார். சரியான முறை. திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதையோரம் பெயின்ட் இல்லாத 7 மரங்களிலும் குழாய் தொங்கியது. கேட்டதற்கு, "வாளி சுமக்க இதுதான் பக்கம்" என்றார். அந்த ஏழும் நேராக, கணு இல்லாமல் வளர்ந்தவை. காட்டிலேயே நல்ல மரங்கள்.