புழுவுக்கு நான்கு ஓய்வு

கடிகாரம் எல்லா மணி நேரத்தையும் ஒன்றுபோலத்தான் காட்டுகிறது. உடம்பு அப்படிக் காட்டுவதில்லை. காலை ஏழு மணிக்கு ஒரு பக்கத்தைத் தடையின்றி மொழிபெயர்க்கும் அதே மூளை, பகல் மூன்று மணிக்கு ஒரே வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் காபியால் சமாளிக்கப் பார்க்கிறோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. காஃபின் அந்த அழைப்பைக் காதில் விழாமல் செய்கிறது, அவ்வளவுதான். சோர்வுக் கடன் அப்படியே இருக்கிறது. குடித்த காஃபினில் ஏறக்குறையப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் தங்கி, இரவுத் தூக்கத்திலும் கைவைக்கிறது.

ஓய்வையும் வேலைக் கணக்கில் சேர்த்தவர்களைப் பார்க்க சாமராஜநகர் பக்கம் போகலாம். 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்துக்குப் பட்டு வளர்ப்பு பழகிய தொழில். புழு பொரிந்து கூடு கட்டத் தொடங்க ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு நாள் எதுவும் தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும்.

கன்னட விவசாயிகள் இதை 'ஜ்வர' என்கிறார்கள். அகராதியைப் பார்த்துக் 'காய்ச்சல்' என்று எழுதினால் தமிழ் வாசகர் மருந்து தேடுவார். மருந்து வேண்டாம், தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். இலை போடுவதை நிறுத்திவிட்டு, படுக்கை உலர சுண்ணாம்புப் பொடி தூவுகிறார்கள். இந்த ஓய்வு கெட்டால் புழுக்கள் ஒன்றுபோல வளராது. நாலாவது ஜ்வரத்திலிருந்து எழுந்த புழுவோ, தன் ஆயுளில் தின்னும் இலையில் 80 சதவீதத்துக்கும் மேல் கடைசி ஏழெட்டு நாளில் தின்று தீர்க்கிறது.

சோர்ந்து விழுந்த பிறகு படுப்பது வேறு, சோருமுன் நிறுத்துவது வேறு என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தப் புழுதான். இப்போது கடினமான பக்கங்கள் காலைக்கு. சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் கண்ணை மூடல். மெய்ப்பு பார்ப்பதும் கடிதங்களும் அதற்குப் பிறகு. மூன்று மணிக்கு மேல் காபி இல்லை.

ஆனால் புழு வளர்க்கும் வீட்டில் இன்னொன்றும் கண்ணில் படும். அந்தக் கடைசி வாரத்தில் இலை வெட்டி, சுமந்து, பரப்புபவர்களில் பலர் பெண்கள். நடுவில் சமையல், மாடு, குழந்தை. இளம்புழுவை இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்த்துத் தரும் மையங்கள் வந்தன. இலையைக் கிளையோடு வெட்டிப் போடும் முறையும் வந்தது. வேலை ஓரளவு குறைந்தது. புழுவுக்கு நான்கு ஓய்வைக் குறித்துவைத்திருக்கும் வீட்டில், அவளுக்கு ஒன்றுகூடக் குறிக்கப்படவில்லை.

என்னுடைய இருபது நிமிடமும் இலவசமாகக் கிடைத்ததல்ல. அந்த நேரத்தில் வீட்டில் யாரோ ஒருவர் கதவைத் திறந்து, தொலைபேசியை எடுத்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். 'தெம்பை நிர்வகியுங்கள்' என்று சொல்லும் புத்தகங்கள் அந்த ஒருவரைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது மதியம் இரண்டு முதல் இரண்டே முக்கால் வரை அடுப்பு எரியாது. அழைப்புமணியை யாருக்கு முதலில் எரிச்சல் வருகிறதோ அவர் கவனிக்கலாம். விருந்தாளிக்குக் காபி இரண்டே முக்காலுக்குத்தான்.