தொம் என்னும் ஒலி யாருடையது?

கவிதையும் நாவலும் பேசப்படுகிற இந்தப் பக்கத்தில், இசை மென்பொருளைப் பற்றி எழுதத் தமிழ் விரிவுரையாளர் ஒருவருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எனக்குச் சங்கீதம் கேட்கத் தெரியும், பாடத் தெரியாது. கணினியில் வினாத்தாள் தட்டச்சு செய்வதற்கு மேல் அதிகம் செய்ததில்லை. ஆனால் சில மாதங்களாக மாணவர் ஒருவர் வழியே எனக்கு அறிமுகமான ஒரு விஷயம், பதிப்பு, உரிமை, பெயர், மரபு என்று இலக்கியத்தில் நாம் பேசிப் பழகிய கேள்விகளை வேறொரு வாசல் வழியாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

சாம்ப்ளர் என்பது அந்த விஷயத்தின் பெயர். ஒலித்துணுக்குகளைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டையை அழுத்தும்போது உரிய துணுக்கை உரிய சுருதியில், அழுத்திய வேகத்துக்கேற்ற கனத்தில் ஒலிக்கச் செய்யும் கருவி அது. சிந்தசைஸர் ஒலியை உண்டாக்குகிறது. சாம்ப்ளர் ஏற்கெனவே ஒருவர் வாசித்த ஒலியைத் திரும்பச் சொல்கிறது. 1960களில் இங்கிலாந்தில் உருவான மெல்லோட்ரானில் கட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிநாடா இருந்தது. 1979இல் சிட்னியில் பிறந்த ஃபேர்லைட் அந்த வேலையைக் கணினிக்குள் கொண்டுவந்தது. விலை ஒரு வீட்டுக்கு நிகர். நம் ஊரில் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசைக்கோர்வை செய்ததும், 1992இல் ‘ரோஜா’ வந்ததும் இந்தக் கருவிகள் திரையிசையின் ஒலியையே மாற்றிய வரலாற்றின் பகுதிகள். இவையெல்லாம் அன்று பெரிய ஸ்டூடியோக்களுக்குள் மட்டுமே நடக்க முடிந்த காரியங்கள்.

என் மாணவர் சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்புக்கு அருகே ஒரு மொட்டைமாடி அறையில் இருவரோடு தங்கியிருக்கிறார். பகலில் முதுகலைத் தமிழ். இரவில் குறும்படங்களுக்கு இசை. அவரிடம் இருப்பது பழைய மடிக்கணினி ஒன்று, அதில் லினக்ஸ். ஒரு பைசா செலவில்லாமல் தரவிறக்கிய சாம்ப்ளர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. தாள வாத்தியங்களுக்கு ஹைட்ரஜன். சவுண்ட்ஃபாண்ட் என்ற வடிவிலுள்ள ஒலித்தொகுப்புகளை வாசிக்க ஃப்ளூயிட்சிந்த். எஸ்எஃப்இசட் என்ற வடிவுக்கு ஸ்ஃபிஸ். பெரிய தொகுப்புகளுக்கு லினக்ஸ்சாம்ப்ளர். இந்தக் கடைசி நிரலி செய்யும் ஒரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கட்டையைத் தொட்டவுடன் அந்தத் தொடக்கம் ஒலிக்க, அது முடிவதற்குள் மிச்சத்தை வன்தட்டிலிருந்து எடுத்துவந்து சேர்த்துவிடுகிறது. கதாகாலட்சேபம் செய்பவர் முதலடியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடியை மனத்திலிருந்து எடுப்பதைப் போல.

எஸ்எஃப்இசட் கோப்பைத் திறந்து பார்த்தபோது வியப்பாக இருந்தது. அது வெறும் எழுத்து. இந்த ஒலி இந்தக் கட்டையிலிருந்து இந்தக் கட்டை வரைக்கும். மெதுவாகத் தொட்டால் இது, ஓங்கி அடித்தால் அது. ஒரே ஒலி அடுத்தடுத்து வந்து இயந்திரம் போலாகிவிடாமல் இந்த நான்கையும் மாற்றி மாற்றி ஒலி. கிட்டத்தட்ட ஓர் இலக்கண நூல். எந்தச் சூழலில் எந்த எழுத்து எப்படித் திரியும் என்று சொல்லும் புணர்ச்சி விதிகள்தாம் நினைவுக்கு வந்தன. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

இவற்றைத் ‘திறமூல மென்பொருள்’ என்கிறோம், ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறித்துக் குழப்புகிறது. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இந்த வேறுபாடு பிற்பாடு தேவைப்படும்.

லினக்ஸ்சாம்ப்ளரில் ஒரு வில்லங்கம் உண்டு. கட்டற்ற மென்பொருளுக்குரிய ஜிபிஎல் உரிமத்தின் கீழ்தான் அது வருகிறது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு ஆசிரியர்களின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்திருக்கிறார்கள். தங்கள் உழைப்பை யாரோ பெட்டிக்குள் அடைத்து விற்றுவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. ஆனால் பயன்பாட்டில் அப்படியொரு வேலி போட்டால் அதைத் திறமூலம் என்று அழைக்க முடியாது என்பது மற்றவர்களின் வாதம். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் இந்தக் காரணத்தால் அதைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. முதலில் இதைக் கேட்டபோது வக்கீல்களின் சண்டை என்றுதான் நினைத்தேன்.

நிற்க. சாம்ப்ளர் என்பது வெறும் பாத்திரம். உள்ளே ஒலி இருந்தால்தான் சமையல். பியானோவுக்கும் மேற்கத்திய டிரம்ஸுக்கும் கட்டற்ற ஒலித்தொகுப்புகள் எத்தனையோ இருக்கின்றன. நம் வாத்தியங்கள்? மாணவரும் நானும் தேடிய அளவில், மனத்துக்கு நிறைவாகக் கிடைத்தது ஒன்றுதான். அதுவும் இங்கிருந்து வேளச்சேரி சாலையில் போனால் எட்டிவிடக்கூடிய ஐஐடி மெட்ராஸோடு தொடர்புடையது.

மிருதங்க அடிகளின் தொகுப்பு அது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்ற ஆய்வுத் திட்டத்தில் ஐஐடி மெட்ராஸும் பங்கேற்றது. மிருதங்க வித்வானும் ஆய்வாளருமான அக்‌ஷய் அனந்தபத்மநாபன், பேராசிரியர் ஹேமா மூர்த்தி முதலியோரின் ஆய்வு 2013இல் வெளிவந்தது. மிருதங்கத்தில் விழும் அடி இன்ன சொல் என்று கணினி கேட்டு அறிய முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. அதற்காகத் தனித்தனி அடிகளாக 7,162 பதிவுகள் செய்யப்பட்டன. நம், தீம், தொம் என்று 10 சொற்கள். 6 வெவ்வேறு சுருதிகளில் அமைந்த மிருதங்கங்கள். கணக்குப் பார்த்தால், ஒரு சுருதியில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக 119 அடிகள். எதிரொலி பெருமளவு தவிர்க்கப்பட்ட இடம் என்பதைத் தவிர, கருவிகளில் பெரிய ஆடம்பரம் இல்லை. கச்சேரி மேடைகளில் சாதாரணமாகப் பார்க்கும் எஸ்எம்58 ஒலிவாங்கி. கையில் அடங்கும் ஜூம் ஒலிப்பதிவுக் கருவி. ஒவ்வொரு நொடியும் 44,100 முறை அளக்கப்பட்டிருக்கிறது. கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்ட மரபில் வந்த நமக்கு அந்த எண் கொஞ்சம் மலைப்பூட்டும்.

ஆய்வுக்காக எடுத்தவற்றை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. அதே பார்சிலோனா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் பொதுவில் வைத்தார்கள். என் மாணவர் அவற்றை எடுத்து, ஓர் எஸ்எஃப்இசட் கோப்பு எழுதி, இரண்டே இரவுகளில் தன் மடிக்கணினிக்கு ஒரு மிருதங்கம் செய்துகொண்டார். தமிழ் வரிவடிவில் பெயரிட முயன்றபோது சிக்கல் வந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்ட இரு அடிகளும் நம் எழுத்தில் ‘த’ என்றே விழுந்தன. காது பிரித்தறிவதை எழுத்து பிரிக்கவில்லை. அன்று இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

மிருதங்கம் இப்படித் துண்டாக்கத் தோதான வாத்தியம். வலந்தலையின் நடுவிலுள்ள கரிய சோறு, தோலின் மேற்சுரங்களை இசையொழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதைச் சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். பெரும்பாலான முரசுகளின் ஒலி சுருதியற்ற இரைச்சலாக இருக்கும்போது மிருதங்கம் சுருதியோடு பேசுவது அதனால்தான். 6 சுருதிகளில் பதிவுகள் இருப்பது அந்தச் சுருதி கெடாமலிருக்க உதவுகிறது. ஒன்றை மட்டும் பதிந்து கணினியில் ஏற்றி இறக்கினால், ஒலியின் நீளமும் குணமும் கூடவே மாறி, பெரியவர் குழந்தைக் குரலில் பேசுவது போலாகிவிடும். அப்படியும் எல்லாம் பிடிபடவில்லை. தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி ஒலியை வளைக்கும் கும்கி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்தான் வாழ்கிறது. நாகசுரமோ இன்னும் கடினம். சீவாளியும் மூச்சும் சேர்ந்து இழைக்கும் கமகத்தைக் கட்டை கட்டையாக வெட்டினால் எலும்புதான் மிஞ்சும்.

பறை? அது மிருதங்கத்தைவிட எளிது என்று மாணவர் சொன்னார். அவருடைய தாய்மாமா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பறை அடிப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சேலையூருக்கு அழைத்துவந்திருந்தார், நானும் போயிருந்தேன். மொட்டைமாடியில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். அறைச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். ஆனாலும் தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறதே. பயிற்சி விமானங்கள் ஓயும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் பெரியவர் மருமகனிடம் கேட்டார்:

“எல்லாத்தையும் பொட்டிக்குள்ள போட்டுட்டா, அப்புறம் என்னை எவன்டா கூப்பிடுவான்?”

கட்டற்ற உரிமம் என்றால் என்னவென்று மாணவர் விளக்கினார். யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்றபோது பெரியவர் என்னைப் பார்த்தார். “சும்மா அடிச்சதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போதும் சார்” என்றார்.

நான் வகுப்பில் எத்தனையோ முறை பறையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைக் கருப்பொருளாகச் சொன்ன பழைய மரபிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தப் பெரியவரின் வாக்கியத்துக்கு முன் அந்தப் பாடமெல்லாம் லேசாகிவிட்டது. ஊர்ச் சாவுக்கெல்லாம் வெட்டியாக அடிக்க வைக்கப்பட்ட கருவி அது. அடிக்கமாட்டோம் என்று மறுத்தவர்கள் பட்ட பாடும் உண்டு. அவருக்கு ‘இலவசம்’ என்பது பெருந்தன்மையின் சொல் அல்ல, பறிக்கப்பட்டதன் சொல். கட்டற்றதும் இலவசமும் வேறு வேறு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வேறுபாட்டை அவருடைய வாழ்க்கை அவருக்குக் காட்டியதில்லை.

இதில் பெயரின் கேள்வியும் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பலவும் கேட்கும் ஒரே கைம்மாறு, உரியவரின் பெயரைச் சொல் என்பதுதான். ஆனால் உரியவர் யார்? டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல், மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. அவர்களில் மிகப் பலர் தலித் கிறிஸ்தவர்கள். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, மூட்டி, ‘நம்’ என்ற ஒலி பிறக்கும் வரை காதால் வேலை செய்தவர்களின் பெயர்கள் கச்சேரி அழைப்பிதழ்களில் வந்ததில்லை. ஒலித்துணுக்கு ஒன்றின் உரிமைக் குறிப்பிலும் அடித்தவர் பெயர் வரும், பதிந்தவர் பெயர் வரும்; செய்தவர் பெயருக்கு அங்கே கட்டமே இல்லை.

ஏட்டுச்சுவடிகளின் கடைசியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். உ.வே. சாமிநாதையர் தம் முகவுரைகளில், யாரிடமிருந்து எந்தப் பிரதி கிடைத்தது என்று நன்றியோடு எழுதி வைத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்பதிப்புகளில் தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்களைக் குறிப்பிடுகிறது. கைமாறிக் கைமாறி வரும் பொதுச்சொத்தில் ஒவ்வொரு கையையும் எழுதி வைப்பது நமக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒலிக்கும் அதைச் செய்யலாம்.

கடைசியில் பெரியவரே ஒரு வழி சொன்னார். “ஒத்தை ஒத்தையா வேணா எடுத்துக்கடா. சாமி அடி, சாவு அடி எல்லாம் முழுசா வேணாம். அதுக்கு நான் வரணும்.” அடிக்குச்சியில் தனியாக, சிண்டுக்குச்சியில் தனியாக, ஓரத்தில், நடுவில் என்று அடித்துக் கொடுத்தார். தோல் குளிரக் குளிர ஒலி இறங்கியது, மறுபடியும் காய்ச்சினார். எழுத்து எல்லோருக்கும் பொது, செய்யுள் ஆக்கியவனுக்கு உரியது என்ற நம் பழைய புரிதலுக்கு அவர் தம் வழியில் வந்து சேர்ந்திருந்தார். ஒற்றை அடிகளைக் கோத்து யாரும் சாவு அடியையும் கட்டிவிட முடியும் என்பது அவருக்கும் தெரியாமலில்லை.

உரிமம் பற்றி மாணவரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாமே என்பது அவர் எண்ணம். லினக்ஸ்சாம்ப்ளர் ஆசிரியர்கள் சேர்த்த அதே வரி. இப்போது அது எனக்கு வக்கீல் சண்டையாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வேலி பெரிய நிறுவனத்தை மட்டுமா தடுக்கும்? இதே தாம்பரத்தில் கல்யாண மண்டபங்களிலும் ஜெபக்கூட்டங்களிலும் ரிதம் பேட் வாசித்து, அன்றைய கூலியோடு கடைசி ரயிலைப் பிடிக்கும் பையனும் வணிகம்தான் செய்கிறான். அவனையும் சேர்த்தே தடுக்கும். எனவே, பெயரைச் சொல் என்ற ஒரு நிபந்தனையோடு திறந்து வைப்பதே சரி என்பது என் கட்சி.

என் கட்சி முக்கியமில்லை. அடித்தவர் பெயர், பறை கட்டியவர் பெயர், தோலின் வகை, காய்ச்சிய நேரம், ஊர் எல்லாவற்றையும் எஸ்எஃப்இசட் கோப்பின் தலைப்பில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறோம். கோப்பு மாணவரின் மடிக்கணினியில்தான் இருக்கிறது. பெரியவர் சரி என்று சொன்ன பிறகுதான் பொதுவில் வைப்பது என்று முடிவு. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.