தவசிப்பிள்ளை அண்ணாச்சிகளுக்கு



திருநெல்வேலியிலும் தென்காசியிலும் நாஞ்சில் நாட்டிலும் கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் தவசிப்பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்களோடு விடிய விடியத் தேங்காய் துருவி, காய் நறுக்கி, பந்தி முடிந்ததும் அண்டா கழுவும் அக்காமார்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டு, தாம்பூலப் பையோடு கிளம்பிவிடுகிறோம். சமையல்கட்டுப் பக்கம் வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விட்டவன் நான். பால் வற்றிய மாடும் பிறந்த காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று தெரிந்த பிறகு தயிர்ச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. முடிவெடுப்பது எளிதாக இருந்தது. அதன் பிறகு வந்த சாப்பாட்டு வேளைகள்தான் கடினம். என்னைப் போன்றவர்களுக்கென்று நகரத்துக் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஒன்றைப்போலச் செய்த இன்னொன்று: சோயாவில் கறி, முந்திரியில் சீஸ். அவற்றைத் தின்று எழும்போது வயிறு நிறைந்திருக்கும். விட்டுவிட்டதன் நினைப்பும் கூடவே எழுந்து வரும். உங்கள் இலையில் உட்கார்ந்தபோது அந்த நினைப்பு எட்டிப் பார்க்கவே இல்லை.

மறுவீட்டுச் சாப்பாட்டுச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு மண்டபத்தின் பின்கட்டில் நின்று அதை முழுக்கப் பார்த்திருக்கிறேன். துருவிய தேங்காயை ஆட்டி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனி அண்டாவில் பிழிந்து வைத்திருந்தார்கள். தண்ணீராக ஓடும் மூன்றாம் பாலில் உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி வெந்தன. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி உள்ளே போயின. குழைய வேகவைத்த பாசிப்பருப்பு சேர்ந்தது. இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது இரண்டாம் பாலோடு இறங்கியது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி எதுவும் கிடையாது. அத்தனை காரமும் அந்தப் பச்சை விழுதுதான். கடைசியில் கெட்டியான முதல் பாலை ஊற்றிய அண்ணாச்சி கரண்டியை விடவில்லை. "தம்பி, மொதப் பாலு கொதிக்கப்பிடாது. ஓரத்துல நொரை கட்டும்போதே எறக்கிரணும், இல்லேன்னா திரிஞ்சிரும்லா" என்றார். இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகே எலுமிச்சம்பழம் பிழிந்தார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு ருசி பார்த்தார். அதற்குமேல் உப்பு சேர்க்கவில்லை.

யாழ்ப்பாணத்திலும் சொதி உண்டு. மஞ்சள் நிறத்தில் நீர்க்க இருக்கும், இடியாப்பத்துக்கும் பிட்டுக்கும் ஊற்றிக்கொள்வார்கள். உங்கள் சொதி சோற்றுக்கானது. பருப்பும் காயும் நிறைந்த முழுச் சாப்பாடு. பக்கத்தில் இஞ்சித் துவையல் வைப்பது தேங்காய்ப்பாலின் கனத்துக்கு மாற்று என்பதை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என் வயிறே சொன்னது. பாலோ தயிரோ இல்லாமல் இத்தனை செழிப்பான ஒரு குழம்பை யாருக்கும் எந்தத் தத்துவமும் சொல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பரிமாறி வந்திருக்கிறீர்கள்.

நாஞ்சில் நாட்டு அண்ணாச்சிகளுக்குத் தீயலுக்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். கறியை விட்டவர்கள் ஏங்குவது பெரும்பாலும் இறைச்சிக்கு இல்லை, வறுபட்ட மசாலாவின் அந்த ஆழமான ருசிக்குத்தான் என்பது என் எண்ணம். தேங்காய்த் துருவலை மல்லியும் மிளகாய் வற்றலும் சேர்த்துச் சிறுதீயில் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, தண்ணீர் விடாமல் எண்ணெய் கசிய அரைத்து, புளிக்கரைசலில் கரைத்துக் கொதிக்கவிட்டால் அந்த ஏக்கம் தீர்ந்துபோகிறது. வறுப்பதில் அரை நிமிடம் முந்தினால் வெறும் புளிக்குழம்பு. அரை நிமிடம் பிந்தினால் கசப்பு. உள்ளே போடுவது சின்ன வெங்காயமோ பாகற்காயோ கத்தரிக்காயோ, எதுவானாலும் சரி. இதைக் கற்ற பிறகு என் வீட்டில் சோயாக்கறிப் பொட்டலம் வாங்குவது நின்றது.

உளுந்தம்பருப்புச் சோறு பந்தியில் வருவதில்லை. அது உங்கள் அம்மாமார் வீட்டில் பொங்கியது. பக்குவம் சொன்னதும் உங்களில் ஒருவர்தான்: அரிசி இரண்டு பங்கு, வறுத்த தோலுளுந்து ஒரு பங்கு, பூண்டு, வெந்தயம், ஒரு கை தேங்காய்த் துருவல், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். "புரதத்துக்கு என்ன செய்வாய்?" என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுகிறேன். 100 கிராம் உளுந்தில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் உளுந்தில் நிறைய; உளுந்தில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் கிடைக்கிறது. எள் கால்சியத்தையும் தருகிறது. இந்தக் கணக்கையெல்லாம் எழுதிப் பார்க்காமலே அந்த அம்மாமார் இலையில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் அவர்கள் தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பி12 நுண்ணுயிர்கள் உருவாக்கும் சத்து. காய், பருப்பு, தானியத்தில் நம்பி இருக்கும் அளவுக்குக் கிடைப்பதில்லை. மருத்துவரைக் கேட்டு அதற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பாலையும் விடுகிற எவரும், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முக்கியமாக, அதை விட்டுவிடக்கூடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. சைவப் பந்தியில் யார் உட்காரலாம், யார் பாத்திரத்தைத் தொடலாம் என்று சாதி பார்த்த காலத்தை உங்களில் வயதானவர்கள் கண்டிருப்பீர்கள். "சைவம் மட்டும்" என்று வாடகை வீட்டுப் பலகையில் இன்றும் எழுதுகிறார்கள். கறி தின்கிறவரைவிட ஒரு படி மேலே ஏறுவதற்காக நான் கறியை விடவில்லை. மீன் குழம்பு வைக்கும் வீட்டு அடுப்பிலும் இந்தச் சொதியும் தீயலும் ருசிக்காக ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவை அதற்குத் தகுந்தவை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சிலர் சொதியை நெய்யில் தாளிக்கிறீர்கள். நெய் வேண்டாம் என்று யாராவது வந்து கேட்டால், தாளிக்கும் முன் ஒரு குத்துப்போணி அளவு தனியே எடுத்து வைத்துத் தேங்காய் எண்ணெயில் தாளித்துக் கொடுங்கள். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி நான் கேட்பதற்கு முன்பே அப்படிச் செய்தார்; விவரம் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது.

அடுத்தது, உங்கள் கையளவுகளை எழுதி வைக்க வேண்டும். வீட்டுச் சமையலை மீனாட்சி அம்மாள் 1951-இல் "சமைத்துப் பார்" என்று நூலாக்கியதால் எத்தனையோ வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. உங்கள் பக்குவமோ இன்னும் உங்கள் கையிலும் கூட வேலை செய்யும் பையன்களின் கண்ணிலும் மட்டுமே இருக்கிறது. முதல் பாலுக்கு எத்தனை தேங்காய், எத்தனை பேருக்கு எத்தனை படி பருப்பு, தீயலுக்குத் தேங்காய் எந்த நிறம் வரும்போது இறக்குவது, எல்லாம் ஒரு நோட்டில் ஏற வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, உங்களுக்கும் ஓய்வு. தை பிறக்கும் முன்பே பாவூர்சத்திரம் சந்தைக்குச் சிறுகிழங்கு வர ஆரம்பித்துவிடும். சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோலுரிக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள். நோட்டும் பேனாவும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பந்தியில் வயிறும் மனமும் நிறைந்த ஒருவன்