பிடி தளர்ந்த கணம்

130 கிலோ மனிதர் ஒருவர் குப்புறப் படுத்து விரிப்போடு ஒட்டிக் கிடக்கிறார். அவரை இடுப்போடு வளைத்துத் தூக்கிப் பின்பக்கமாக வீச முடியுமா? எடை குறைந்த மல்லர்களுக்கே கைவந்த அந்த வித்தையைக் கனத்த எடைப் பிரிவுக்குக் கொண்டுவந்தவர், ரஷ்யாவின் அலெக்சாண்டர் கரேலின்.

1967இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்தவர். அவர் தேர்ந்தெடுத்தது கிரேக்க-ரோமானிய பாணி. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் இடறக் கூடாது, கைபலமே எல்லாம். 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். சோவியத் யூனியன், ஒருங்கிணைந்த அணி, ரஷ்யா என்று கொடிதான் மாறியது. வீசி எறியப்படுவதைவிட மல்லாந்து தோற்பதே மேல் என்று எதிராளிகள் நினைத்தார்கள். அந்த பயம்தான் மல்யுத்தம் அறியாதவர்களிடமும் அவரைப் பிரபலமாக்கியது. 1999இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

2000, சிட்னி இறுதிப்போட்டி. எதிரே, ஏற்கெனவே அவரிடம் தோற்றிருந்த அமெரிக்கர் ரூலன் கார்ட்னர். மார்போடு மார்பாகப் பூட்டிய பிடியை முதலில் விடுபவருக்கு ஒரு புள்ளி நஷ்டம். கரேலினின் கைகள் ஒரு கணம் பிரிந்தன. 0-1. பதின்மூன்று ஆண்டுகளில் முதல் தோல்வி.

அத்துடன் ஓய்வு பெற்றார். தங்கம் கார்ட்னருக்கு. ஆனால் உலகம் இன்றும் அவரை அறிவது, கரேலினை வென்றவர் என்றுதான்.